தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடே பாடசாலை... ஆனால் எப்படி?

இரவு எட்டரை மணி. கடை அடைக்கும் நேரம். பேன்சி ஸ்டோர் வாசலில் ஒரு தாய் மூச்சு வாங்க நிற்கிறார். "தெர்மாகோல் இருக்காண்ணே? நாளைக்குக் காலையில பையன் ஸ்கூல்ல காட்டணுமாம்." கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. தெர்மாகோல் அட்டை, பச்சைத் தாள், நீலத் தாள், பசை, பஞ்சு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். மாலையிலிருந்து அதே பொருள்களைக் கேட்டு வந்தவர்களில் இவர் எட்டாவது ஆளோ, ஒன்பதாவது ஆளோ!

வீட்டில் இரவு பதினொரு மணி வரை அம்மாவும் அப்பாவும் வெட்டி ஒட்டுகிறார்கள். பஞ்சு மேகமாகிறது, நீலத்தாள் கடலாகிறது. 'நீர்ச் சுழற்சி' மாதிரி தயார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒன்பதரைக்கே தூங்கிவிட்டான். மறுநாள் மாதிரிக்கு நட்சத்திரம் கிடைக்கிறது. ஒரு வாரம் வகுப்பறை அலமாரியின் மேல் தூசு படிந்து இருந்துவிட்டு, பிறகு அது குப்பைக்குப் போகிறது.

இதே பையனின் வீட்டுச் சமையலறையில் தினமும் சோறு கொதிக்கிறது. மூடியைத் தூக்கினால் அதன் உள்பக்கம் முழுக்க நீர் முத்துகள். சாய்த்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துச் சொட்டுகின்றன. நீராவி மேலே போய், குளிர்ந்து, மறுபடியும் நீராகி விழும் கதை அந்த மூடியிலேயே இருக்கிறது. அதை அவனுக்கு யாரும் காட்டவில்லை. காட்டுவதற்கு நேரம் இல்லை, தெர்மாகோல் ஒட்ட வேண்டியிருந்ததே!

வீட்டில் செய்யும் கற்றல் செயல்பாடுகள் என்றாலே இன்று பல பள்ளிகளில் பொருள் இதுதான். செயல்பாடு என்ற சொல் நல்ல சொல். செய்பவர் குழந்தையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கோ மறந்துபோனது.

செயல்வழிக் கற்றல் வந்த கதை

தமிழ்நாட்டுக்குச் செயல்பாடு புதிதல்ல. மரியா மாண்டிசோரி 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். குழந்தையின் கைதான் அறிவுக்கு வழி என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொன்னது. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழிலே பாடத்தின் நடுவில் இருந்தது. பிறகு 2003-ஆம் ஆண்டு வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகள் முழுவதற்கும் பரவியது. அட்டைகள், ஏணிப்படி, பாய் விரித்துத் தரையில் உட்காரும் பிள்ளைகள், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றித் தாழ்வான கரும்பலகை என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. நிறை குறை இரண்டும் அதற்கு உண்டு. 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துக் கற்பிக்கத் தொடங்கினார்கள்.

இவை எல்லாம் பள்ளிக்குள் நடந்தவை. வீட்டுக்கு என்ன வந்தது? வீட்டுப்பாடம் வந்தது. ஐந்து முறை எழுது, பத்து முறை எழுது. அது அளவு மீறிப் போனதால்தான் 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. அந்த வகுப்புகளின் புத்தகப்பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது என்றும் சொன்னது.

உத்தரவு சரியானதே. ஆனால் எழுத்து வேலையை நிறுத்திய பல பள்ளிகள் அந்த இடத்தில் வைத்தது எதை? 'ப்ராஜெக்ட்'. பிள்ளையின் சுமை குறைந்து பெற்றோரின் சுமையானது. கற்றல் மட்டும் இரண்டு பக்கமும் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே இருப்பவை

வீட்டுச் செயல்பாட்டுக்கு ஓர் எளிய அளவுகோல் போதும். கடைக்குப் போகாமல், ஒரு ரூபாய் செலவில்லாமல், அன்றாட வேலையின் நடுவே, குழந்தையே செய்யக்கூடியதா? ஆம் என்றால் நல்லது. இல்லை என்றால் அது பெற்றோருக்கான தேர்வு.

வாசல் சுவரில் இருக்கும் மின்சார மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல கணக்குப் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. தினமும் மாலை ஆறு மணிக்குக் குழந்தை அதைப் பார்த்து ஒரு தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும். யூனிட் எது என்று ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும். நேற்று 4872, இன்று 4879. கழித்தால் 7 யூனிட். இது கழித்தல் கணக்கு. ஏழு நாள் எழுதினால் ஒரு பட்டியல் வரும், கட்டம் போட்டு நிறம் தீட்டினால் வரைபடம் வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் கூடுகிறது? எல்லோரும் வீட்டில் இருந்ததாலா, துணி தேய்த்ததாலா, மாவு அரைத்ததாலா? இந்தக் கேள்வி வந்துவிட்டால் கணக்கு அறிவியலாகிவிட்டது. ஒரு நாளைக்கு 7 என்றால் 60 நாளைக்கு எவ்வளவு? 420. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் வந்தது. அது ஏன் வந்தது, மீதிக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று பேசினால் சமூக அறிவியல். "நேத்து ஒன்பது யூனிட்டுப்பா, ஃபேனை நிறுத்துங்க" என்று எட்டு வயதுப் பிள்ளை அப்பாவிடம் சொல்வதைக் கேட்கும் வீடு கொடுத்து வைத்த வீடு!

கோலமும் அப்படியே. ஏழு புள்ளி, இடைப்புள்ளி நான்கு வரை என்றால் மொத்தம் எத்தனை புள்ளி? நடுவரிசையில் 7, அதற்கு இரண்டு பக்கமும் 6, 5, 4. கூட்டினால் 37. எண்ணித்தான் முதலில் சொல்வாள். நாலைந்து நாளில் எண்ணாமலே சொல்லும் வழியை அவளே கண்டுபிடிப்பாள். அவளோ அவனோ! கோலம் பெண்பிள்ளைக்கு மட்டும் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதவில்லை.

பூக்காரம்மாவின் முழம் இன்னொன்று. அம்மாவின் கையால் ஒரு முழம், அண்ணனின் கையால் ஒரு முழம், தன் சின்னக் கையால் ஒரு முழம் என்று ஒரே கயிற்றில் அளந்து பார்க்கச் சொன்னால், "யாரு கையால அளந்தா பூ கூடக் கிடைக்கும்?" என்ற கேள்வி தானாக வரும். சென்டிமீட்டர் என்று ஒன்று எதற்காக வந்தது என்பது அந்த நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. புத்தகத்தில் அதற்கு ஒரு முழுப் பாடம் ஆகும். பாட்டி இருக்கும் வீடுகளில் பழைய படி கிடந்தால் இன்னும் நல்லது. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. அரிசியைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தால் அரை, கால், அரைக்கால் என்ற பின்னங்கள் கைக்குள் வந்துவிடும். பல்லாங்குழிக்கு 14 குழி, குழிக்கு ஐந்து சோழி என்று வைத்தால் 70. இரண்டாவது ஆட்டத்தில் எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று பாட்டி மனதுக்குள் போடும் கணக்கு சாதாரணமானதல்ல!

அறிவியலுக்குச் சமையலறையே ஆய்வுக்கூடம். இரவு ஊறவைத்த பச்சைப்பயறை ஈரத்துணியில் கட்டினால் ஓரிரு நாளில் முளை எட்டிப் பார்க்கும். இதுவரை எல்லாப் பள்ளியிலும் செய்வார்கள். அதோடு நிறுத்தாமல், முளைத்ததில் நாலை ஒரு டம்ளரில் மண் போட்டு ஜன்னலோரம் வைத்து, இன்னும் நாலை அதே மாதிரி அலமாரிக்குள் இருட்டில் வைக்க வேண்டும். எது வேகமாக வளரும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்ல வேண்டும். வெளிச்சத்தில் இருப்பது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இருட்டில் இருந்தது நெட்டையாக வளர்ந்து நிற்கும். ஆனால் வெளுத்து, துவண்டு, நிற்க முடியாமல்! வெளிச்சத்தில் இருந்தது குட்டையாகப் பச்சையாக உறுதியாக இருக்கும். தான் சொன்னது ஏன் தப்பானது என்று குழந்தை யோசிக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் பாடம்.

மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டதும் அது சிவப்பாவதைப் பார்க்காத வீடு இல்லை. அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறு எலுமிச்சை பட்டால் சிவக்கும், சமையல் சோடா பட்டால் பச்சையாகும். அமிலம், காரம் என்ற பெயர்கள் இப்போது தேவையில்லை. பெயர் பிறகு வரட்டும்.

மொட்டைமாடியில் ஒரு குச்சி நட்டு நிழலைக் கல் வைத்துக் குறித்துக்கொண்டே வந்தால், நிழல் மிகக் குட்டையாவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அல்ல, சென்னையில் அதற்குச் சில நிமிடங்கள் கழித்துத்தான் என்று தெரியவரும். ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் சென்னையில் உச்சிவேளையில் குச்சிக்கு நிழலே இருக்காது. விடுமுறையில் இதைவிட நல்ல விளையாட்டு எது?

ஆங்கிலத்தைப் பற்றித்தான் பெற்றோருக்கு அதிகக் கவலை. அதற்கும் பயப்படத் தேவையில்லை. சுவிட்ச், பக்கெட், பிளேட், சோப்பு, பஸ், டிக்கெட் என்று காதால் கேட்டு நூறு சொல்லாவது ஐந்து வயதிலேயே பிள்ளைக்குத் தெரியும். காதுக்குத் தெரிந்த சொல்லைக் கண்ணுக்குக் காட்டினால் போதும். பிஸ்கட் பாக்கெட்டிலும் தீப்பெட்டியிலும் அது அச்சடித்தே வருகிறது. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, விலை மூன்றையும் தேடிப் படிக்கச் சொன்னால் ஆங்கிலத்தோடு நுகர்வோர் அறிவும் கூட வரும்.

தமிழ் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. பல வீடுகளில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறொன்று. 'வூட்டாண்ட', 'அங்கிட்டு', 'வந்துருக்காவ' என்று பேசும் குழந்தையின் வாயை வகுப்பில் அடைத்துவிடுகிறார்கள். வீட்டில் தாத்தா சொன்ன கதையை, நேற்றுத் தெருவில் நடந்த சண்டையை, அது பேசும் தமிழிலேயே சொல்லவிட்டு, அக்காவோ மாமாவோ அப்படியே எழுதிக் கொடுத்து, அதையே குழந்தை திரும்பப் படிப்பது மிகச் சிறந்த வாசிப்புப் பயிற்சி. தன் வாயிலிருந்து வந்த சொல் தாளில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எழுத்து என்றால் என்ன என்பதே அப்போதுதான் புரிகிறது. திருத்துவது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல்

இதையெல்லாம் படித்துவிட்டு, 'சந்தைக்கு அழைத்துப் போனால் கணக்கு வந்துவிடும், சமையலறையில் விட்டால் அறிவியல் வந்துவிடும்' என்று நினைத்தால் அது தவறு. இந்தத் தவறைச் செயல்பாட்டு ஆர்வலர்கள் பலரும் செய்கிறார்கள்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர் சிறுமியரைப் பற்றிய ஆய்வு 1985-இல் வெளியானது. விற்கும்போது கேட்ட கணக்குகளில் அவர்கள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி! நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025-இல், பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு கொல்கத்தா, டெல்லி சந்தைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. அதிலும் அதே நிலைதான். காய்கறி விற்கும் பிள்ளை மனக்கணக்கில் புலி, பள்ளிக் கணக்கில் தடுமாற்றம். அதோடு மறுபக்கமும் தெரிந்தது. பள்ளிக் கணக்கு நன்றாகப் போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

இதன் பொருள் என்ன? சந்தையும் நோட்டும் தாமாகச் சேர்வதில்லை. யாராவது சேர்த்துவைக்க வேண்டும். கால் கிலோ 15 ரூபாய் என்றால் ஒன்றேகால் கிலோ எவ்வளவு என்று வாயால் 75 சொன்ன பிள்ளையிடம், "எப்படி வந்துச்சு? நீ மனசுல போட்டதை அப்படியே எழுது" என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஐந்து பதினைந்து என்று அவள் எழுதியதும், அதுதான் பெருக்கல், அதுதான் உன் புத்தகத்தின் 40-ஆவது பக்கத்தில் இருப்பது என்று காட்ட வேண்டும். அந்த ஒருவர் யார்? அது ஆசிரியரின் வேலை. பெற்றோரின் வேலை, பிள்ளையைச் செய்யவிட்டு ஒதுங்கி நிற்பது. இந்த எல்லைக்கோடு மாறிப்போவதால்தான் பெற்றோர் ஆசிரியராகவும், ஆசிரியர் நட்சத்திரம் ஒட்டுபவராகவும் ஆகிவிடுகிறார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா

இந்த விஷயத்தில் உண்மையில் பாதிக்கப்படுவது தெர்மாகோல் வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளை அல்ல. அது தூங்கியாவது எழுந்து நட்சத்திரம் வாங்கிவிடும். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைதான் வெறுங்கையோடு போய் வகுப்பில் நிற்கிறது. அதன் அம்மா கட்டட வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய் ஏழு மணிக்குத் திரும்புகிறவர். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் எங்க சொல்லிக் குடுக்கிறது?" என்பார். சித்தாள் வேலையில் ஒரு கலவைக்கு எத்தனை சட்டி மணல், எத்தனை சட்டி சிமெண்ட் என்று நாள் முழுக்க விகிதம் போட்டுவிட்டு வந்தவர் அப்படிச் சொல்கிறார்! அவருக்கு அது கணக்கு என்று யாரும் சொன்னதில்லை.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அந்தப் பத்தொன்பது மாதங்களில் செல்போன் இருந்த வீட்டில் ஏதோ நடந்தது, இல்லாத வீட்டில் எதுவும் நடக்கவில்லை என்றுதான் எல்லோரும் பேசினார்கள். பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. மாலையில் தன்னார்வலர்கள் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டி விளையாட்டும் கதையுமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே தெருப் பெண்கள். அதில் நடந்த நல்ல காரியம், கற்பிக்கப் பெரிய பொருள்கள் தேவையில்லை என்பதைத் தெருவே பார்த்ததுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 'வீட்டு வேலையே கல்வி' என்ற பேச்சு சில வீடுகளுக்கு மிகவும் வசதியாகப் போய்விடும். தம்பி டியூஷன் போவான், அக்கா பாத்திரம் தேய்ப்பாள், கேட்டால் 'செயல்பாடு' என்பார்கள். பத்து நாளும் அதே பாத்திரம் தேய்ப்பதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கேள்வி கேட்கவும், யூகிக்கவும், தப்புச் செய்யவும் இடம் இருக்கும் வரைதான் அது செயல்பாடு. அதற்குமேல் போனால் வேலை. ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும், மீதி நேரம் பிள்ளை தெருவில் ஓடட்டும்.

மதிப்பெண் போடுவதையும் நிறுத்த வேண்டும். மதிப்பெண் வந்த மறுநிமிடம் அப்பா கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிடுவார். குழந்தை வரைந்த கோணல் மாணல் கட்டத்தை அழித்து ஸ்கேல் வைத்து நேராக்குவார். நோட்டில் ஒட்டிய பூ அழகாக இருக்கும், அதைப் பறித்தது யார் என்று குழந்தைக்கே தெரியாது.

ஆசிரியருக்கும் இதில் பெரிய கூடுதல் வேலை இல்லை. காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்பதற்குப் பதிலாக நேற்றைய யூனிட்டைச் சொல்லச் சொல்லலாம். முப்பது பிள்ளைகள் இருந்தால் கரும்பலகையில் முப்பது எண்கள். 3, 7, 5, 12, 4... பன்னிரண்டு சொன்ன வீட்டில் நேற்று என்ன விசேஷம் என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும். பூஜ்யம் சொன்ன பிள்ளையிடம், "உங்க தெருவுல நேத்து கரண்ட் இல்லையா?" என்று பக்கத்தில் இருப்பவனே கேட்டுவிடுவான். மீட்டரே இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒன்றிரண்டு இருக்கும். அதற்குத் தண்ணீர்க் குடம் இருக்கிறது. நேற்று எத்தனை குடம், யார் தூக்கியது, எவ்வளவு தூரம் என்று அது சொல்லும்போது மற்ற இருபத்தொன்பது பேரும் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.